"வாங்கலாமா?" போய் "எதை வாங்கலாம்?" வந்தது: பணத் தளங்கள் ஏன் இப்படி மாறுகின்றன?

#1 · சில்லறைக்காசு

வணக்கம். வேலை பார்க்கும் இடத்தின் பெயரைச் சொல்ல முடியாது, மன்னிக்கவும். சாதாரண ஜனங்களுக்குப் பணம் பற்றி எழுதும் ஒரு தளத்தில் ஆறு வருடமாக எடிட்டராக இருக்கிறேன். இன்சூரன்ஸ், கடன், கார்டு, சேமிப்பு, எல்லாம் உண்டு. போன வருடம் தளத்தை வேறு ஒரு நிறுவனம் வாங்கியது. வந்த முதல் நாளே, "ஆசிரியர் குழு விஷயத்தில் நாங்கள் தலையிடவே மாட்டோம்" என்றார்கள். நிஜமாகவே இதுவரை ஒருவரும் கூப்பிட்டு "இதை எழுதாதே" என்று சொன்னதில்லை.

ஆனால் தளம் மாறிவிட்டது. எப்படி என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டுவது கஷ்டம். ஒரே ஓர் உதாரணம். பர்சனல் லோன் பற்றி எங்களிடம் ஒரு பழைய கட்டுரை இருந்தது. அதில் நாலாவது பத்தியில் ஒரு வரி: "வீட்டில் நகை இருந்தால் முதலில் வங்கியில் நகைக்கடன் வட்டியைக் கேட்டுவிட்டு வாருங்கள், பெரும்பாலும் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்." வாசகர்கள் அதிகம் நன்றி சொல்லி மெயில் போட்டது அந்த வரிக்குத்தான். இப்போது அந்த வரி இல்லை. கட்டுரை அப்படியே இருக்கிறது, முன்பைவிட நீளமாக, அழகான அட்டவணையோடு. அந்த வரி மட்டும் இல்லை.

தலைப்பும் அப்படித்தான். முன்பு "பர்சனல் லோன் வாங்கலாமா?" இப்போது "எந்த வங்கியில் பர்சனல் லோன் வாங்கலாம்?"

இது எல்லா இடத்திலும் நடப்பதுதானா, இல்லை நான்தான் பெரிதுபடுத்துகிறேனா? துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

#2 · மேலூர்க்காரன்

சம்பளம் ஒன்றாம் தேதி வருகிறதா? வருகிறது என்றால் பேசாமல் இருங்கள் பாஸ்.

#3 · ஓய்வுபெற்ற டீச்சர்

தம்பி, நான் முப்பது வருடம் தமிழ் நடத்தியவள். பணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். ஆனால் உங்கள் இரண்டு தலைப்பையும் பார்த்ததும் வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது. வினா எழுத்துகள் என்று ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்போம். 'எ' சொல்லின் முதலில் வரும், 'ஆ' சொல்லின் கடைசியில் வரும். "வாங்கலாமா" என்பதில் 'ஆ' கடைசியில் நிற்கிறது. அதற்கு "வேண்டாம்" என்று பதில் சொல்ல இடம் உண்டு. "எந்த வங்கியில்" என்று 'எ' முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டால், வாங்குவது என்று முடிவாகிவிட்டது, கடையைக் கைகாட்டுவதுதான் பாக்கி. உங்கள் முதலாளி இலக்கணம் தெரிந்தவர்.

#4 · சில்லறைக்காசு

டீச்சர், ஒரு வருடமாக என்னால் சொல்ல முடியாமல் இருந்ததை நாலு வரியில் சொல்லிவிட்டீர்கள். எங்கள் தளத்தில் எடுத்துப் பார்த்தேன். பழைய தலைப்புகளில் பாதிக்கு மேல் 'ஆ'வில் முடிகின்றன. இந்த ஆறு மாதத்தில் வந்தவற்றில் இரண்டு.

#5 · லண்டன் வாணி

டீச்சர் சொன்னதைப் படித்ததும் இங்கே இருக்கும் மணிசேவிங்எக்ஸ்பர்ட் தளம்தான் நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மார்ட்டின் லூயிஸ் என்ற பத்திரிகையாளர் 2003-இல் வெறும் 100 பவுண்டு செலவில் தொடங்கிய தளம். வங்கிகள் அநியாயமாகப் பிடித்த அபராதக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்பது எப்படி என்று மாதிரிக் கடிதமே எழுதிப் போட்டார்கள். ஜனங்கள் லட்சக்கணக்கில் அதை இறக்கி வங்கிக்கு அனுப்பினார்கள். கடைசியில் 2009 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வங்கிகள் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது, அது வேறு கதை. அதற்குள் நிறைய பேருக்குப் பணம் திரும்பி வந்துவிட்டது.

அந்தத் தளத்தில் செலவு செய்வதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் என்று ஒன்று உண்டு. அச்சடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளும் அளவில் கொடுத்திருந்தார்கள். கையில் காசு இல்லையா? அப்படியானால்: எனக்கு இது தேவையா? என்னால் முடியுமா? காசு இருக்கிறதா? அப்படியானால்: இதைப் பயன்படுத்துவேனா? இந்த விலைக்குத் தகுமா? டீச்சர் பார்த்தீர்களா, எல்லாமே 'ஆ'!

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2012-இல் அந்தத் தளத்தை மணிசூப்பர்மார்க்கெட் என்ற நிறுவனம் வாங்கியது. விலை 8.7 கோடி பவுண்டு வரை. வாங்கியது யார் என்று கவனியுங்கள். இன்சூரன்ஸ், கார்டு, கடன் எல்லாவற்றையும் ஒப்பிட்டுக் காட்டி, வாடிக்கையாளரை அவர்களிடம் அனுப்பிக் கமிஷன் வாங்கும் கம்பெனி. அப்போது இங்கே எல்லோரும் சொன்னது, "அவ்வளவுதான், முடிந்தது." நானும்தான் சொன்னேன்.

ஆனால் விற்கும்போதே ஆசிரியர் குழுவுக்கான விதிமுறை ஒன்றை எழுதி, ஒப்பந்தத்தோடு சேர்த்துவிட்டார்கள். எழுதுவது வாசகனுக்காக, அதில் தாய் நிறுவனம் கை வைக்கக் கூடாது. கமிஷன் வரும் இணைப்பு என்றால் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். கமிஷன் தராத நிறுவனத்தின் சலுகை நன்றாக இருந்தால் அதுதான் முதலில். கமிஷன் வேண்டாம் என்று நினைப்பவருக்கு நட்சத்திரம் இல்லாத இணைப்பும் கட்டுரையின் அடியில் இருக்கும். நான் ஒரு தடவை வேண்டுமென்றே அடியில் போய் அதைத்தான் அழுத்தினேன், சும்மா ஒரு திருப்திக்கு.

தம்பி, உங்களிடம் "தலையிட மாட்டோம்" என்றார்களே, அது எழுத்தில் இருக்கிறதா?

#6 · சில்லறைக்காசு

இல்லை அக்கா. டீயும் சமோசாவும் கொடுத்து வாயால் சொன்னது.

#7 · கமிஷன் கடை

நான் எதிர்ப்பக்கம். பதினோரு வருடமாக இந்த வியாபாரத்தில்தான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நேராகவே பேசுகிறேன்.

முதல் கேள்வி: வாசகர் யாராவது ஒரு ரூபாய் கொடுத்துப் படித்தீர்களா? இல்லை. சர்வருக்கு வாடகை, எடிட்டருக்குச் சம்பளம், தகவலைச் சரிபார்க்க ஆள், எல்லாம் யார் தலையில்? ஒரு கார்டு விண்ணப்பம் அங்கீகாரமானால் தளத்துக்கு ஒரு தொகை வரும். சில கார்டுக்கு அதிகம், சிலதுக்குக் குறைவு. நகைக்கடன் பற்றி நீங்கள் எழுதும் அந்த நல்ல வரிக்கு எவ்வளவு வரும்? சுழியம். அதைப் படித்த ஆள் பக்கத்துத் தெருவில் இருக்கும் வங்கிக்கு நடந்து போய்விடுவார். தளத்தின் கணக்கில் அது "வெளியேறிய வாசகர்."

உங்கள் வரியை யாரும் வில்லத்தனமாக அழித்திருக்க மாட்டார்கள். என் அனுபவத்தில் நடப்பது இதுதான்: மாதம் ஒருமுறை ஒரு எக்செல் தாள் வரும். எந்தக் கட்டுரை எவ்வளவு சம்பாதித்தது என்று மேலிருந்து கீழே அடுக்கியிருக்கும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தாளை மட்டும் எல்லோருக்கும் அனுப்புவார்கள். மூன்றாவது மாதம் எடிட்டர்களே மாறிவிடுவார்கள்.

இரண்டாவது, லண்டன் அக்கா சொன்ன தளமும் கமிஷனில்தான் ஓடியது. அதை மறக்க வேண்டாம். அவர்களும் கடைதான். கொஞ்சம் நாகரிகமான கடை.

#8 · லண்டன் வாணி

அதை நான் எங்கே மறுத்தேன்? கமிஷன் வாங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லையே. கமிஷன் தருபவன் அட்டவணையில் மேலே ஏறுகிறானா, அதுதான் கேள்வி. பல அமெரிக்கப் பணத் தளங்களில் அடியிலோ ஓரத்திலோ சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: எங்களுக்குக் கிடைக்கும் தொகை, எந்தப் பொருள் எந்த இடத்தில் தோன்றுகிறது என்பதைப் பாதிக்கலாம் என்ற பொருளில். சட்டப்படி அது நேர்மைதான். ஆனால் அதைப் படித்துவிட்டு அட்டவணையைப் பார்க்கிறவர் எத்தனை பேர்?

இங்கே மணிசேவிங்எக்ஸ்பர்ட், கேஷ்பேக் தளங்கள் (தங்களுக்கு வரும் கமிஷனில் ஒரு பங்கை வாங்குபவருக்கே திருப்பித் தருபவை) வழியாகப் போனால் இன்னும் லாபம் என்று வாசகரிடம் சொல்லும். அப்படிப் போனால் அவர்களுக்கு வர வேண்டிய கமிஷன் போயிற்று. கடைக்காரர் தன் வாயால் "எதிர்க் கடையில் மலிவு" என்கிறார். அதைத்தான் நான் வித்தியாசம் என்கிறேன்.

#9 · பழைய நிருபர்

இந்த இழையில் சிநெட் கதை வராமல் இருக்கக் கூடாது.

சிநெட் தொழில்நுட்பச் செய்திக்குப் பேர் போன தளம். 1990-களில் இருந்து இருக்கிறது. 2020-இல் ரெட் வென்ச்சர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அதை 50 கோடி டாலருக்கு வாங்கியது. இதே நிறுவனம் 2017-லேயே வட்டி விகிதங்களை ஒப்பிட்டுக் காட்டும் பேங்க்ரேட் தளத்தையும் வாங்கியிருந்தது. இவர்கள் தொழிலே இணையத்தில் தேடி வரும் ஆளைக் கார்டு கம்பெனி வாசலில் கொண்டுபோய் விடுவதுதான்.

2022 நவம்பரில் சிநெட்டின் பணப் பிரிவில் "சிநெட் மணி ஸ்டாஃப்" என்ற பெயரில் கட்டுரைகள் வர ஆரம்பித்தன. கூட்டு வட்டி என்றால் என்ன, வங்கிக் கணக்கை மூடுவது எப்படி, இந்த மாதிரி. கூகுளில் ஜனங்கள் தட்டும் கேள்விகள் எதுவோ, அதற்கெல்லாம் ஒரு கட்டுரை. எழுதியது ஆள் இல்லை, ஏ.ஐ. அந்தப் பெயரை அழுத்தினால்தான் அது தெரியும். 2023 ஜனவரியில் ஃபியூச்சரிசம் என்ற தளம் வெளியில் கொண்டுவந்தது.

அதில் கூட்டு வட்டிக் கட்டுரை ஒன்றைப் பாருங்கள். 10,000 டாலரை 3 சதவீத வட்டிக்குப் போட்டால் முதல் வருட முடிவில் 10,300 டாலர் சம்பாதிப்பீர்கள் என்று எழுதியிருந்தது. 300 டாலர்தானே வரும்! அசலையும் சேர்த்து லாபமாகச் சொல்லிவிட்டது. நம் ஊரில் வட்டிக்குக் கொடுக்கும் அண்ணாச்சி கேட்டிருந்தால் எழுதியவரைத் தேடி வந்திருப்பார்.

பிறகு அவர்களே சரிபார்த்தார்கள். மொத்தம் 77 கட்டுரை, அதில் 41-இல் திருத்தம் போட வேண்டியதாயிற்று. விக்கிப்பீடியா தொகுப்பாளர்கள் சிநெட்டை நம்பகமான சான்று என்ற இடத்திலிருந்து இறக்கினார்கள். 2024-இல் ஜிஃப் டேவிஸ் நிறுவனத்துக்கு ஏறக்குறைய 10 கோடி டாலர் அளவில் கைமாறியது. 50-க்கு வாங்கியது 10-க்கு. முப்பது வருடப் பெயரைக் கரைத்ததற்கு என்ன கணக்கு என்று யாராவது எக்செல்லில் போட்டுக் காட்டட்டும்.

நான் கவனிக்கச் சொல்வது தப்பான கணக்கை அல்ல. கணக்கு யாருக்கும் தவறும், நானே ஒரு தடவை லட்சத்தைக் கோடி என்று அச்சேற்றியிருக்கிறேன். அந்தக் கட்டுரைகள் யாருக்காக எழுதப்பட்டன என்று பாருங்கள். வாசகருக்காக இல்லை, தேடுபொறிக்காக. வாசகர் வந்து அழுத்துவார் என்பதற்காக மட்டும். படித்துப் பார்க்கவே வேண்டிய அவசியம் இல்லாத எழுத்தை யாரும் படித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

#10 · மேலூர்க்காரன்

10,300 லாபம் தரும் அந்த வங்கி எங்கே இருக்கிறது? அட்ரஸ் ப்ளீஸ்.

#11 · கமிஷன் கடை

நிருபர் சார் சொன்னதை ஏற்கிறேன். சிநெட் செய்தது முட்டாள்தனம், எங்கள் துறையிலேயே அப்போது தலையில் அடித்துக்கொண்டோம்.

ஆனால் ஒன்று சேர்க்கிறேன். தளங்கள் கூகுளைப் பார்த்து எழுதுவது பேராசையால் மட்டும் இல்லை, பயத்தாலும்தான். 2024 மார்ச்சில் கூகுள் ஒரு விதி அறிவித்தது. பெரிய பத்திரிகையின் பெயரைப் போர்த்திக்கொண்டு வேறு ஆட்கள் கார்டு, கூப்பன் பக்கங்களை நடத்துவது இனி செல்லாது என்று. மே மாதம் முதல் நடவடிக்கை. நவம்பரில் இன்னும் இறுக்கினார்கள். ஃபோர்ப்ஸ் பத்திரிகையின் பெயரில் கார்டு, கடன் பரிந்துரைக்கும் ஃபோர்ப்ஸ் அட்வைசர் மாதிரி பெரிய இடமே ஆடிப்போனது. ராத்திரி தூங்கி எழுந்தால் வாசகர் பாதி காணோம், அதுதான் எங்கள் வாழ்க்கை. இந்த நிலையில் "வாங்க வேண்டாம்" என்று கட்டுரை எழுதச் சொன்னால் யாருக்குக் கை வரும்?

#12 · நாகர்கோவில் சேமிப்பு

"வேண்டாம்" என்று எழுதினால் காசு வராது என்பது இன்சூரன்ஸ், ஃபண்டு விஷயத்தில் இன்னும் பச்சையாகத் தெரியும்.

மியூச்சுவல் ஃபண்டில் 2013 ஜனவரி 1 முதல் எல்லாத் திட்டத்துக்கும் டைரக்ட் பிளான் உண்டு. இடைத்தரகர் கமிஷன் இல்லாத வழி. அதே ஃபண்டு, அதே மேனேஜர், செலவு மட்டும் குறைவு. 10 லட்சம் ரூபாயை 20 வருடம் விட்டு வைக்கிறீர்கள் என்று வையுங்கள். 12 சதவீதம் வளர்ந்தால் சுமார் 96 லட்சம். கமிஷன் வழியில் ஒரு சதவீதம் குறைந்து 11 என்றால் சுமார் 80 லட்சம். கிட்டத்தட்ட 16 லட்சம் எங்கே போயிற்று? இதை எழுதும் தளத்துக்கு ஒரு பைசா தர ஆள் கிடையாது. அதனால்தான் "2025-இன் சிறந்த 10 ஃபண்டுகள்" என்று ஆயிரம் பக்கம் கிடைக்கும், "டைரக்டுக்கு மாறுவது எப்படி" என்று தேடினால் தனியாக வலைப்பூ வைத்திருக்கும் யாரோ ஒரு வாத்தியாரோ எஞ்சினியரோதான் எழுதியிருப்பார்.

அமெரிக்காவில் பொருள்களைச் சோதித்துச் சொல்லும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 1936-இல் இருந்து விளம்பரமே வாங்காமல் நடக்கிறது. சோதிக்கும் பொருளைக் கடையில் காசு கொடுத்து வாங்குவார்கள். இங்கிலாந்தில் விச்? என்ற நுகர்வோர் அமைப்பு 1957-இல் இருந்து சந்தாவில் ஓடுகிறது. கமிஷன் கடை அண்ணன் "யாராவது ஒரு ரூபாய் கொடுத்தீர்களா" என்று கேட்டது நியாயம்தான். அங்கே கொடுக்கிறார்கள். இங்கே நாம் பி.டி.எஃப் கேட்டு டெலிகிராமில் அலைகிறோம்.

#13 · பழைய நிருபர்

விச்? என்ற பெயரே 'எது?' தானே! டீச்சர் விதி இங்கே அடி வாங்குகிறது.

#14 · ஓய்வுபெற்ற டீச்சர்

விதிக்கு விலக்கு உண்டு சார். 'எது' என்று கேட்பவன் யார் காசில் கேட்கிறான் என்று பாருங்கள்.

சில்லறைக்காசு தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். அந்த நகைக்கடன் வரியை எடுத்தது யார்? "இல்லை, இல்லை" என்கிறீர்கள், எடுத்தவர் பேரைச் சொல்லவில்லையே.

#15 · சில்லறைக்காசு

இரண்டு நாளாக இந்தக் கேள்விக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான்தான் டீச்சர்.

யாரும் சொல்லவில்லை. கமிஷன் கடை சொன்ன மாதிரியே மாதாமாதம் ஒரு தாள் வரும். எங்களுடையது கூகுள் ஷீட், அவ்வளவுதான் வித்தியாசம். பர்சனல் லோன் கட்டுரை நிறைய பேர் படித்தார்கள், ஆனால் "விண்ணப்பிக்க" பட்டனை அழுத்தியவர் குறைவு. பக்கத்தில் சிவப்பு நிறம். வாசகர் எந்த இடத்தில் விட்டுப் போகிறார் என்று காட்டும் ஒரு கருவி உண்டு. நாலாவது பத்தியில் போகிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆறே முக்கால் இருக்கும், கட்டுரையைப் புதுப்பிக்கும்போது எடுத்துவிட்டேன். "பத்தி நீளமாக இருக்கிறது" என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதம் அந்த வரிசை பச்சையாகியிருந்தது. குழு மீட்டிங்கில் கை தட்டினார்கள்.

தலைப்பை மாற்றியது வேறு ஒரு பெண். அவளிடமும் யாரும் சொல்லவில்லை என்றுதான் சொல்வாள்.

#16 · மேலூர்க்காரன்

முதலில் நான் போட்ட கமென்ட்டுக்கு மன்னிக்கவும் அண்ணா.

#17 · கமிஷன் கடை

இதை ஒத்துக்கொண்டு எழுதியதற்கு ஒரு சலாம். என் பங்குக்கு ஒரு யோசனை, வியாபாரக் கணக்கிலேயே சொல்கிறேன். "வரியைத் திரும்பச் சேர்க்கணும், அதுதான் தர்மம்" என்று மேலே போய்ச் சொல்லாதீர்கள், எடுபடாது. "இந்த வரிக்காக வாசகர் திரும்பி வருகிறார்" என்று சொல்லுங்கள். நன்றி மெயில்களைக் காட்டுங்கள். அடுத்த வருடம் இன்சூரன்ஸ் எடுக்கும்போது அதே ஆள் உங்கள் தளத்துக்குத்தானே வருவார். இது எக்செல்லில் ஏறும்.

#18 · லண்டன் வாணி

அதோடு ஒரு பக்கத்துக்காவது விதிமுறையை எழுதி வாங்குங்கள். நட்சத்திரக் குறி ஒன்று போதும், செலவே இல்லை. வாயால் சொன்னது சமோசாவோடு ஜீரணமாகிவிடும்.

#19 · சில்லறைக்காசு

அப்டேட். அண்ணன் சொன்ன மாதிரியே மெயில்களை எடுத்துக்கொண்டு போய்ப் பேசினேன். மறுக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நல்ல பாயின்ட்" என்றார்கள். விதிமுறை பற்றிக் கேட்டதற்கு, "லீகலிடம் பேசிவிட்டுச் சொல்கிறோம்."

வரி திரும்ப வந்துவிட்டது. கட்டுரையின் அடியில் 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' பகுதியில், ஒன்பதாவது கேள்வியாக. மொபைலில் அந்தக் கூட்டல் குறியைத் தட்டினால்தான் விரியும். தலைப்பு மாறவில்லை.

#20 · ஓய்வுபெற்ற டீச்சர்

ஒன்பதாவது என்றாலும் இருக்கிறதே தம்பி.

கேட்க நினைத்து மறந்துவிட்டேன். என் தங்கை மகன் பர்சனல் லோனுக்குக் கையெழுத்துப் போட வெள்ளிக்கிழமை போகிறான். மூன்று லட்சம். வீட்டில் கொஞ்சம் நகை இருக்கிறது. அவனிடம் என்ன சொல்லட்டும்?

#21 · சில்லறைக்காசு

டீச்சர், வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அவருக்குக் கணக்கு இருக்கும் வங்கியில் நகைக்கடன் வட்டி என்ன என்று கேட்கச் சொல்லுங்கள். பர்சனல் லோன் தாளில் வட்டி மட்டும் பார்க்காமல் பிராசஸிங் கட்டணம், முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு பிடிப்பார்கள், கூடவே இன்சூரன்ஸ் ஏதாவது தலையில் கட்டுகிறார்களா என்று பார்க்கணும். நகைக்கடனில் ஒரே பயம், கெடுவுக்குள் மீட்காவிட்டால் ஏலம். மாதாமாதம் வட்டியாவது கட்டிவிடுவார் என்றால் தைரியமாகப் போகலாம், அது முடியாது என்று தோன்றினால் நகையைத் தொட வேண்டாம்.

அப்புறம், மூன்று லட்சமும் நிஜமாகவே வேண்டுமா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.